இருபத்திமூன்றாம் தரம்

பவளராணி முன்னால் போகிறாள், பாட்டாச் செருப்போடு.
ஒன்பதாயிரம் ரூபாய்ச் சப்பாத்தோடு நான் பின்னால்.
எனக்குப் பின்னால் நிரூபனும் தர்சிகாவும்,
கவரேஜ் போய்விட்டதென்று
பத்தடிக்கொருதரம் போனை உயர்த்திப் பிடித்தபடி.
நெடுங்கேணியில் இருட்டோடு ஏறிய உழவு மெசின்
குளக்கட்டு முடிகிற இடத்தில்
எங்களைக் கொட்டிவிட்டுத் திரும்பியிருந்தது.

காட்டு வாயில் ஒரு வீரை.
கொப்பொன்றை முறித்து, ஏற்கெனவே காய்ந்து தொங்கிய
கொப்புகளின் மேல் போட்டாள்.
"ஐயனாருக்கு. நீங்களும் போடுங்கோ.
நம்பாட்டிலும் பரவாயில்லை, அவருக்கு ஆள்க்கணக்குத்தான்."
போட்டோம். நாலு கொப்பு.
"இனி அதின்ர பேர் சொல்லப்படாது."
எதின் பேர் என்றான் நிரூபன்.
பாதை நடுவே கிடந்த லத்தியைக் காட்டினாள்.
அதில் இன்னும் ஆவி பறந்தது.

பாலைப்பழ மாசம்.
மரத்தடியெல்லாம் மஞ்சள் மஞ்சளாய் உதிர்ந்து கிடக்க
கைநிறையப் பொறுக்கித் தின்றோம்.
பால் பிடித்து உதடுகள் ஒட்டிக்கொண்டன.
பேச்சு நின்றது.
அவளுக்கு அது பிடித்திருந்ததென்று நினைக்கிறேன்.
"கரடிக்கும் இதே பழம், இதே மாசம்" என்றுமட்டும் சொல்லி
கையிலிருந்த தடியால் மரங்களைத் தட்டிக்கொண்டு போனாள்.

மரங்களைத் தட்டினாளேயொழிய
நிமிர்ந்து பார்க்கவில்லை. கண் நிலத்திலேயே.
வற்றிய அருவி மணலில் இளைப்பாறும்போது கேட்டேன்.
"கண்ணிவெடி எடுக்கிற கொம்பனியிலை ஏழு வருசம்.
முழங்காலிலைதான் காடு முழுக்கப் பாத்தனான்.
இப்ப நிண்டு நடக்கிறதுக்குக் காசு தருகினம்."
பிறகு எழும்பி நடந்தாள்.
அவள் அடிவைத்த இடங்களில்
அடி வைக்கத் தொடங்கியிருந்தேன் நான்,
எப்போதிருந்து என்று தெரியாமல்.

முழை, நினைத்ததைவிடச் சிறிது.
பாறையின் நெற்றியில் மழைநீர் வழிய வெட்டிய காடி,
அதன் கீழே கறுப்பாய் ஒரு வாய்.
பனிச்சை வேரொன்றில் அவள் குந்திவிட்டாள்.
"நான் வரேல்லை. போட்டு வாங்கோ."
உள்ளே பார்த்ததேயில்லையா?
"இது இருபத்திமூண்டாந்தரம். கூட்டி வரத்தான் காசு."

குனிந்து போய், குனிந்தே திரும்பி வந்தோம்.
"சொல்லுங்கோ" என்றாள், சம்பளம் கேட்பவள்போல.
"எழுத்து" என்றான் நிரூபன்.
"எழுத்து ஒம்பது பேர் சொல்லிப்போட்டினம்."
"வௌவால்" என்றாள் தர்சிகா.
"அது எல்லாரும்.
ஒரு வெள்ளைக்காரன் ஒண்டும் சொல்லாமல் தண்ணி கேட்டவன்.
ஒரு பெட்டை சிரிச்சுக்கொண்டு வந்தவள்,
ஏனெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது."

என்முறை. உதட்டைப் பிரிக்க வலித்தது.
கடைசி மூலையில், டோர்ச் வெளிச்சம் சரிகிற இடத்தில்,
கரியால் ஒரு கூட்டல்.
நாற்பத்தேழும் முப்பத்தெட்டும்.
விடை எழுபத்தைந்து.
உட்கார்ந்தால் மட்டும் கண்ணுக்கு நேரே வரும் உயரம்.
என் உயரமல்ல. ஆறேழு வயது உயரம்.

வெகுநேரம் பேசாமலிருந்தாள்.
"பிழையோ?"
"ஐஞ்சு போட்டு, மிச்சம் ஒண்டைக் கொண்டுபோகேல்லை."
"திருத்தினீங்களோ?"
வங்கியில் பதினொரு வருசம்.
விரல் ஊறத்தான் செய்தது.
கீழே கரித்துண்டும் கிடந்தது.
"இல்லை" என்றேன்.
"ம்."
செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டினாள்.
முழைப்பக்கம் ஒருதரம் திரும்பி,
பிறகு வெயிலைப் பார்த்து
"நாலுக்கு முன்னம் குளக்கட்டிலை நிக்கவேணும்" என்றாள்.

நான்காம் நாள், கொழும்பு.
கவுண்டரில் ஐயாயிரம் தாள்களை எண்ணும்போது
கணுக்காலில் சுள்ளென்றது.
காலுறையை இறக்கினால் உண்ணி,
என்னைக் குடித்துப் பயறளவு பருத்து.
இழுத்தேன். உடல் வந்தது,
தலை உள்ளேயே நின்றுவிட்டது.
கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் பொறுமையாய்ப் பார்த்திருக்க
எண்ணிக்கை தப்பியிருந்தது.
மறுபடி ஒன்றிலிருந்து.